மண் முந்தியதா, மரம் முந்தியதா? – ஜென்னியின் சமன்பாடு பற்றி ஒரு திறனாய்வு

கரிசலில் பருத்தி, வண்டலில் நெல், செம்மண்ணில் நிலக்கடலை, மலைச்சரிவில் காப்பி. நம் பள்ளிகளின் புவியியல் பாடம் இப்படி ஒரு பட்டியலைத் தருகிறது. மண் எப்படியோ தாவரமும் அப்படியே என்பது அதன் சாரம். மாணவன் மனத்தில் மண்ணிலிருந்து தாவரத்தை நோக்கி ஓர் அம்புக்குறி பதிந்து விடுகிறது. அதே பள்ளியில் வனமகோத்சவ நாள் வருகிறது. மரம் நடுங்கள், மண் வளம் பெறும் என்று மேடையில் சொல்கிறோம். இப்போது அம்புக்குறி தாவரத்திலிருந்து மண்ணை நோக்கித் திரும்பி விட்டது. இரண்டையும் ஒரே மாணவன்தான் கேட்கிறான். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து, "இவற்றுள் எது சரி?" என்று கேட்கும் பழக்கம் நம் வகுப்பறைகளில் இல்லை.

இந்தக் கேள்வியைக் கணக்கு வடிவில் எழுதிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹான்ஸ் ஜென்னி. சுவிட்சர்லாந்தில் 1899-இல் பிறந்து, அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து, 1992-இல் மறைந்தவர். மண் உருவாகும் காரணிகளைப் பற்றி 1941-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மண்ணியல் மாணவர்களுக்கு அடிப்படை நூல். அதில் உள்ள ஒரு வரிச் சமன்பாடு பல பாட நூல்களில் இடம் பெற்றிருக்கிறது. அந்த ஒரு வரியின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பரிசோதனைக் கூடமாக, ஏற்காட்டை அடுத்த செம்மநத்தம் போன்ற ஊர்கள் அமைந்துள்ள சேர்வராயன் மலையை எடுத்துக் கொள்வோம்.

ஐந்து எழுத்துக்கள்

மண் என்பது பாறை உடைந்த பொடி மட்டுமன்று, அது தனக்கென ஒரு வரலாறு உடைய இயற்கைப் பொருள் என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் ரஷ்ய அறிஞர் டோக்குசாயெவ். ரஷ்யாவின் கருமண்ணைப் பற்றிய அவரது நூல் 1883-இல் வந்தது. ஜென்னி அக்கருத்தை எடுத்து இயற்பியலாரின் மொழியில் எழுதினார். தமிழ் எழுத்துக்களில் அதைப் பின்வருமாறு தரலாம்:

ம = சா (கா, உ, நி, பா, வ)

இதில் 'ம' மண்ணின் ஏதேனும் ஓர் அளவிடத்தக்க பண்பு. நைட்ரஜன் அளவு, அமிலத்தன்மை, களிமண் விகிதம் என எதுவாகவும் இருக்கலாம். 'கா' காலநிலை. 'உ' உயிரினங்கள். 'நி' நிலத்தின் ஏற்ற இறக்கம். 'பா' தாய்ப்பாறை. 'வ' மண்ணின் வயது. 'சா' என்பது சார்பு. ஐந்து மாறிகளின் மதிப்பும் தெரிந்தால் மண்ணின் பண்பு தெரியும் என்பது இதன் பொருள்.

இது வெறும் பட்டியலாக இருந்திருந்தால் டோக்குசாயெவுக்கு மேல் புதிதாக ஒன்றும் இல்லை எனலாம். புதுமை அதைப் பயன்படுத்தும் முறையில் உள்ளது. வாயு விதிகளைப் படிக்கும்போது வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொண்டு, அழுத்தத்தை மாற்றிப் பருமனை அளக்கிறோம் அல்லவா? அதைப் போலவே நான்கு காரணிகள் ஒன்றாக இருந்து ஐந்தாவது மட்டும் மாறும் இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் ஜென்னி. மண்ணியலில் ஆய்வுக்கூடம் என்பது நிலப்பரப்புதான் என்று காட்டிய பெருமை அவருடையது.

அவர் இந்திய மண்ணையும் இம்முறையில் ஆராய்ந்தார். எஸ். பி. ராய்சௌதுரியுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு நூலை 1960-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. தட்பவெப்பமும் உழவும் இந்திய மண்களின் நைட்ரஜன், கரிமப்பொருள் இருப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பதே அதன் பொருள். மழை மிகுந்தால் இருப்பு மிகுகிறது. வெப்பம் மிகுந்தால் இருப்பு குறைகிறது. உழவு நிலத்தில் காட்டு நிலத்தை விடக் குறைவு என்பது அதன் சுருக்கம்.

மலை தரும் சான்று

சமன்பாட்டின் பலத்தைக் காணச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பேருந்துப் பயணம் போதும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு 1,515 மீட்டர். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி என்ற கணக்கில் வெப்பநிலை 8 டிகிரி அளவுக்குக் குறைகிறது. மழையும் மலைமேல் மிகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர். கீழே முட்புதர்க்காடு, நடுவே மூங்கிலும் இலையுதிர் மரங்களும், மேலே பசுமை மாறா மரங்களின் எச்சங்களும் காப்பித் தோட்டங்களும். மண்ணும் அதற்கேற்பக் கீழே வெளிறியும் மேலே கருமை கலந்தும் காணப்படுகிறது. 'கா' என்ற எழுத்தின் வேலை இது.

மலையடிவாரத்தில் மாக்னசைட் கிடைக்கும் வெள்ளைக்கல் குன்றுகள் உள்ளன. ஆங்கிலேயர் இவற்றைச் 'சாக் ஹில்ஸ்' என்றனர். மலையின் உடல் சார்னோகைட் என்ற கடினப் பாறை. அடிவாரக் குன்றுகளோ மெக்னீசியம் நிறைந்த பாறைகள். இத்தகைய பாறையிலிருந்து உண்டாகும் மண்ணில் மெக்னீசியம் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருக்கும். பல செடிகள் அதில் செழிப்பதில்லை. உலகெங்கும் இத்தகைய நிலங்களில் குட்டையான, அடர்த்தியற்ற தாவரங்களையே காண்கிறோம். இது 'பா' என்ற எழுத்தின் வேலை. மண்ணே தாவரத்தை ஆள்கிறது என்ற பாடநூல் வாக்கியம் இங்கே முழு உண்மை.

உச்சிக்குப் போனால் 'வ' என்ற எழுத்தைப் பார்க்கலாம். சேர்வராயன் கோயில் அமைந்த சமதளத்தை ஒட்டிய உயர்ந்த பகுதிகளில் பாக்சைட் படிந்துள்ளது. மிக நீண்ட காலம் மழைநீர் பாறையினூடே இறங்கி, கரையக்கூடிய கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றை முதலிலும், சிலிக்காவைப் பின்னரும் கழுவிச் சென்றுவிட, எஞ்சி நின்ற அலுமினிய, இரும்பு ஆக்சைடுகளே பாக்சைட். அது முதுமையடைந்த மண். அதில் செடிக்கு உணவாகக் கூடியது பெரும்பாலும் போய்விட்டது.

இவ்வளவு தூரம் சமன்பாடு நம்மைக் கைவிடவில்லை. சிக்கல் இரண்டாவது எழுத்தில் தொடங்குகிறது.

முதற்குறை: 'உ' தனித்து நிற்குமா?

ஒரு சார்பின் மாறிகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்பது கணக்கின் விதி. காலநிலையும் தாய்ப்பாறையும் ஒன்றையொன்று சாராதவை என்று ஏற்கலாம். ஆனால் ஓர் இடத்தில் வளரும் தாவரம் அந்த இடத்து மண்ணைச் சார்ந்தது அன்றோ? மண் தாவரத்தைச் சார்ந்தது, தாவரம் மண்ணைச் சார்ந்தது என்றால் அது சார்பன்று, சுழல்.

ஜென்னி இதை அறியாதவர் அல்லர். 'உ' என்று தாம் குறிப்பது அங்கு வளர்ந்து நிற்கும் தாவரத்தை அன்று, அந்த இடத்துக்கு வந்து சேரக்கூடிய விதைகளையும் உயிர்களையும்தான் என்று அவர் விளக்கினார். எந்த விதைகள் வருகின்றன என்பது மண்ணைச் சாராதது. வந்தவற்றுள் எவை நிலைக்கின்றன என்பது மற்ற காரணிகளின் விளைவு. ஆகவே மண், வளர்ந்து நிற்கும் தாவரம் இரண்டுமே விளைவுகள், இரட்டைப் பிள்ளைகள். 1961-இல் எழுதிய கட்டுரையில் மண், தாவரம், விலங்கு எல்லாவற்றையும் சமன்பாட்டின் ஒரே பக்கத்தில் வைத்து இதை அவர் மேலும் செப்பனிட்டார்.

இது கூர்மையான விடை. ஆனால் பாட நூல்கள் இதை விட்டுவிட்டுச் சமன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டன. 'உ' என்றால் 'தாவரங்கள்' என்று ஒரு சொல்லில் முடித்தன. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றைத் தாயாக்கிய தவறு இது. இந்தத் தவறு எவ்வளவு பெரியது என்பதைச் சேர்வராயன் போன்ற பழைய மண்ணில்தான் நன்கு காணலாம்.

செடிகளுக்கு வேண்டிய கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகிய நேர் அயனிகளை மண் தன் பரப்பிலுள்ள எதிர் மின்னூட்டத்தால் பிடித்து வைத்துக் கொள்கிறது. கரிசல் மண்ணின் களிமத்துக்கு இந்தப் பிடிப்புத்திறன் 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லிச் சமானம் வரை இருக்கும். நன்கு மழையில் கழுவப்பட்ட செம்மண்ணில் இருக்கும் கயோலினைட் களிமத்துக்கோ 3 முதல் 15 வரைதான். இலைதழை மட்கி உண்டாகும் மட்குக்கு 200 அளவில் இருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 100 கிராம் மலைச் செம்மண்ணில் 40 கிராம் கயோலினைட்டும் 5 கிராம் மட்கும் இருப்பதாகக் கொள்வோம். கயோலினைட்டின் திறனை 5 என்று எடுத்தால் அதன் பங்கு 2 மில்லிச் சமானம். மட்கின் பங்கு 10. அதாவது எடையில் எட்டில் ஒரு பங்காக உள்ள பொருள் ஐந்து மடங்கு வேலையைச் செய்கிறது. கரிசல் காட்டில் மட்கு குறைந்தாலும் களிமம் கைகொடுக்கும். மலைச் செம்மண்ணில் மட்கு போனால் பிடித்து வைக்க ஆளில்லை; அடுத்த மழை எல்லாவற்றையும் கொண்டுபோய் விடும்.

அந்த மட்கைத் தந்தது யார்? அங்கு வளர்ந்த தாவரம். அந்தத் தாவரத்தை வளர விட்டது எது? அந்த மட்கு. "மண் வளமாக இருப்பதால் காடு செழிக்கிறது" என்ற வாக்கியமும், "காடு இருப்பதால் மண் வளமாக இருக்கிறது" என்ற வாக்கியமும் இங்கே தனித்தனியே பொருள் தருவதில்லை. இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது. ஒருவர் எழுந்தால் மற்றவர் சாய்வார்.

வரவும் செலவும்

ஜென்னியின் நூலில் இந்தச் சுழலைப் பிடிப்பதற்கு வேறொரு கருவியும் இருக்கிறது. பாட நூல்கள் பேரளவு கண்டுகொள்ளாத கருவி அது. மண்ணின் கரிமப்பொருள் மாற்றத்தை அவர் வரவு செலவாக எழுதினார்: ஓராண்டில் இருப்பு மாறும் வீதம் = வரவு − (சிதைவு மாறிலி × இருப்பு). கதிரியக்கச் சிதைவையும் மின்தேக்கி மின்னேற்றம் பெறுவதையும் படித்த மாணவர்களுக்கு இது பழகிய முகம். வரவும் செலவும் சமமாகும்போது இருப்பு நிலைபெறும். அந்த நிலை இருப்பு = வரவு ÷ சிதைவு மாறிலி.

நிழல் மரங்களின் கீழ் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக, ஹெக்டேருக்கு ஆண்டு வரவு 4 டன் என்றும் சிதைவு மாறிலி 0.04 என்றும் வைத்துக் கொண்டால், நிலை இருப்பு 100 டன். இப்போது நிழல் மரங்களை வெட்டி நிலத்தைத் திறந்து விடுகிறோம். உதிரும் இலை குறைவதால் வரவு 2 டன் ஆகிறது. அத்துடன் வெயில் நேரே பட்டு மண் சூடேறுகிறது. வெப்பம் ஏற ஏற நுண்ணுயிர்களின் சிதைவு வேலையும் விரைவு பெறும். மாறிலி 0.06 ஆகிறது என்று கொள்வோம். புதிய நிலை இருப்பு 33 டன். வரவு பாதியானதற்கு இருப்பு மூன்றில் ஒன்றாகி விட்டது. ஒரே வெட்டில் பின்னத்தின் மேல் எண் குறைந்து கீழ் எண் கூடியதே காரணம்.

இன்னும் ஒரு படி போவோம். இறங்குமுகத்தில் பாதித் தொலைவைக் கடக்க ஆகும் காலம் 0.693 ÷ 0.06, அதாவது ஏறத்தாழ 11½ ஆண்டு. பிறகு மனம் மாறி மீண்டும் மரம் வைத்து, முதல் நாளே பழைய நிழலும் பழைய வரவும் வந்துவிட்டதாகவே கொண்டாலும், ஏறுமுகத்தில் பாதித் தொலைவுக்கு 0.693 ÷ 0.04, அதாவது 17 ஆண்டுக்கு மேல் ஆகும். மரம் வளரும் காலம் இதற்குப் புறம்பு. இழப்பது விரைவு, பெறுவது தாமதம் என்ற பழைய அனுபவம் இந்த இரண்டு வரிக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

எந்த மரம் என்பதும் முக்கியம். கல்யாண முருங்கை போன்ற அவரை இனத்து நிழல் மரங்கள் வேர் முண்டுகளில் உள்ள பாக்டீரியாக்களின் துணையால் காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் தழை நைட்ரஜன் நிறைந்தது, விரைவில் மட்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் காப்பித் தோட்டங்களில் நிமிர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை கடினமானது, மெல்ல மட்கும். ஆனால் அம்மரத்துக்கு வேறொரு திறமை உண்டு. குஞ்சம் போன்ற அடர்ந்த சிறு வேர்த் தொகுதிகளால் அமிலங்களைச் சுரந்து, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கும் ஆற்றல் அது. ஆகவே 'நல்ல மரம், கெட்ட மரம்' என்று தீர்ப்புக் கூறுவதில் பயனில்லை. எந்த மரம் மண்ணின் எந்தக் கணக்கில் வரவு வைக்கிறது, எந்தக் கணக்கில் பற்று எழுதுகிறது என்று பார்ப்பதே அறிவு.

குடையும் துளியும்

மட்கைப் பற்றிய இந்த வரவு செலவும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. மலையில் அதுவே பாதிக் கதை.

மரம் இருந்தால் மண் அரிக்காது என்பது பொது நம்பிக்கை. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 5 மில்லிமீட்டர் துளி 9 மீட்டர் வேகத்தில் விழும். நிறை 125 மடங்கு. வேகத்தின் வர்க்கம் 5 மடங்கு. ஆகவே மோதும் ஆற்றல் 600 மடங்குக்கு மேல். உயர்ந்த மரத்தின் இலைகளில் சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து பெருந்துளிகளாகச் சொட்டுகின்றன. 8 முதல் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அவை முழு வேகத்தின் பெரும்பகுதியை அடைந்து விடும். அடியில் புதரும் சருகும் இல்லாத ஒற்றை மரத்தோப்பில், மரக்குடை மழையைத் தணிப்பதற்கு மாறாகக் கூர்மைப்படுத்தக் கூடும். மண்ணைக் காப்பது மரத்தின் உயரமன்று. தரையை மூடிய சருகுப் படுக்கையும் தாழ்ந்த செடிகளும்தான். உயர்ந்த நிழல் மரம், அதன் கீழ் ஆளுயரக் காப்பிச் செடி, அதன் கீழ்ச் சருகு என்ற மூவடுக்குத் தோட்டம் இந்த விஷயத்தில் காட்டை ஒத்தது. அதே சில்வர் ஓக்கை மட்டும் நெருக்கி நட்டுத் தரையைக் கூட்டிப் பெருக்கி வைத்தால், தொலைவிலிருந்து பார்க்கப் பசுமையாக இருக்கும். கீழே ஓடை சிவந்து ஓடும்.

விழுந்த நீர் மண்ணுக்குள் இறங்குவது துளைகளைப் பொறுத்தது. நுண்குழாயில் நீர் பாயும் வீதம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற புவாசேய் விதியை நாம் ஆய்வுக்கூடத்தில் சரிபார்க்கிறோம். துளையின் ஆரம் இரு மடங்கானால் நீர் 16 மடங்கு பாயும். செத்த வேர் மக்கிய துளை, மண்புழு வளை, கறையான் வழி ஆகிய பெருந்துளைகள் எண்ணிக்கையில் சிலவேயானாலும் பெருமழையை உள்வாங்குபவை அவையே. இவை தாவரமும் அதை அண்டிய உயிர்களும் மண்ணுக்குச் செய்த கட்டுமானம். நடைபாதையாகவும் வண்டித்தடமாகவும் மிதிபட்ட இடத்தில் களிமண் விகிதம் மாறுவதில்லை. வேதியியல் பகுப்பாய்வில் பெரிய வேறுபாடும் தெரியாது. ஆயினும் துளைகள் நசுங்கியதால் அது வேறு மண்.

இரண்டாங்குறை: மனிதன் எங்கே?

ஐந்து எழுத்துக்களில் உழவனும் தோட்டக்காரனும் இல்லை. மனிதனையும் 'உ'வில் அடக்கலாம் என்பது ஒரு வழி. ஆமண்ட்சனுடன் சேர்ந்து 1991-இல், தம் முதிர்ந்த வயதில், ஜென்னி மனிதனின் இடத்தைப் பற்றி மீண்டும் எழுதினார். மனிதனுடைய உடலை மட்டுமன்றி அவனுடைய பண்பாட்டையும் கணக்கில் கொள்ள முயன்ற கட்டுரை அது. ஆனால் வெறும் எழுத்தைச் சேர்ப்பதால் தீராத சிக்கல் ஒன்று உண்டு.

செம்மநத்தம் போன்ற ஒரு மலையூரைச் சுற்றி காப்பித் தோட்டம், சாமையும் காய்கறியும் விளையும் மேட்டு நிலம், காப்புக்காடு, புல்வெளி என்று பலவகை நிலப்பயன்கள் அடுத்தடுத்து அமைகின்றன. காலநிலை ஒன்று, பாறை ஒன்று. ஜென்னி தேடச் சொன்ன இயற்கை ஆய்வுக்கூடம் இதுவே என்று மாணவன் மகிழ்ந்து, ஒவ்வொன்றிலும் மண்ணெடுத்துச் சோதித்து, அட்டவணை போட்டு, "காப்பி மண்ணின் வளத்தைக் கூட்டுகிறது" என்றோ "குறைக்கிறது" என்றோ முடிவு எழுதி விடுவான். நிலப்பயன் ஒப்பீட்டு ஆய்வுகள் பல இந்த வழியில்தான் நடக்கின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிலப்பயன் சீட்டுக் குலுக்கிப் போட்டு அமைந்ததன்று. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து, தோட்டம் போடுபவர்கள் ஆழமான மண், மிதமான சரிவு, காற்று மறைவு, தண்ணீர் வசதி பார்த்தே இடம் தேர்ந்தார்கள். மலைவாழ் மக்களான மலையாளிகள் தம் நிலத்தைத் தம் அனுபவ அறிவால் தேர்ந்தார்கள். செங்குத்தான சரிவும் பாறைமுகடும் காடாகவே விடப்பட்டன. அப்படியிருக்க, இன்று காப்பித் தோட்ட மண் காட்டு மண்ணை விட ஆழமாக இருந்தால் அது காப்பி செய்த வேலையா, தேர்ந்தெடுத்த கண்ணின் வேலையா? தோட்டக்காரர் பிறகு சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணித்திருப்பார். அம்மோனிய உரமிட்டு அமிலத்தைக் கூட்டியும் இருப்பார். இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளித்து மண்ணில் தாமிரத்தைச் சேர்த்திருப்பார். இவற்றில் எதுவும் காப்பிச் செடியின் இயல்பு அன்று. எல்லாம் காப்பித் தோட்டத்தின் வரலாறு.

இந்தப் பொறியிலிருந்து தப்ப வழி உண்டு. மண்ணின் பண்புகளை மெதுவாக மாறுபவை, விரைவாக மாறுபவை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். மணல், களிமண் விகிதமும் மண்ணின் ஆழமும், அரிப்பு இல்லாத இடத்தில், ஒரு நூற்றாண்டுப் பயிரால் அதிகம் மாறா. மட்கு, துளை அமைப்பு, அமிலத்தன்மை ஆகியவை சில பத்தாண்டுகளில் மாறும். இரண்டு நிலங்களில் மெதுவாக மாறுபவை ஒத்திருந்து, விரைவாக மாறுபவை வேறுபட்டால், வேறுபாட்டுக்கு நிலப்பயன் காரணம் என்று ஓரளவு துணியலாம். மெதுவாக மாறுபவையே வேறுபட்டால் ஒப்பீட்டை நிறுத்திவிட வேண்டும். அவை தொடக்கத்திலேயே வெவ்வேறு நிலங்கள்.

இன்னொரு வழி மண்ணின் நினைவைப் படிப்பது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் முறை வெவ்வேறு. அதனால் அவற்றின் உடலில் கார்பன்-12, கார்பன்-13 ஆகிய ஐசோடோப்புகளின் விகிதமும் சற்று வேறுபடும். மட்கில் அது பதிந்து கிடக்கும். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் நீலகிரியின் முற்றாச் சேற்றுக்கரியை இம்முறையில் ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுக் காலத்தில் காலநிலைக்கேற்பப் புல்லும் மரமும் மாறி மாறி மேலோங்கியதை அது காட்டியது. அங்குள்ள புல்வெளிகளை எல்லாம் மனிதன் காடழித்து உண்டாக்கிய 'வெற்றிடம்' என்று கருத இடமில்லாமல் போயிற்று. சேர்வராயன் உச்சிப் புல்வெளியைப் பார்த்து, "இங்கே மரமில்லையே, நடலாமே" என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. அந்த ஆழமற்ற பாக்சைட் மேட்டில் புல்லே பொருத்தமான குடியாக இருக்கக் கூடும்.

மூன்றாங்குறை: திரும்பும் வழி

இயற்பியல் மாணவனாகப் பார்த்தால் சமன்பாட்டின் மிகப் பெரிய குறை வேறு. சார்பு என்பது, கொடுத்த மாறிகளுக்கு ஒரே ஒரு மதிப்பைத் தரும். காரணிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் விளைவும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. ஆனால் இரும்பைக் காந்தமாக்கிவிட்டுப் புலத்தை நீக்கினால் காந்தத்தன்மை பூச்சியமாவதில்லை. ஏறிய வழியிலேயே அது இறங்குவதில்லை. இதைக் காந்தத் தயக்கம் என்கிறோம். மண்ணுக்கும் தயக்கம் உண்டு.

லாட்டரைட் என்ற பெயரை 1807-இல் வெளியான தம் நூலில் தந்தவர் பிரான்சிஸ் புக்கானன். மலபாரின் அங்காடிப்புரத்தில் மண்வெட்டியால் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருந்த மண், வெட்டி வெளியில் வைத்ததும் கல்லாக இறுகியதை அவர் கண்டார். இரும்பு மிகுந்த இத்தகைய அடுக்கு, மேல் மண் அரித்துப்போய் வெயிலிலும் காற்றிலும் காய்ந்தால், இறுகி ஓடாகும். மறுபடி நனைத்தால் பழைய மண் ஆகாது. வேர் அதைத் துளைக்காது. மரம் போனதால் மண் கல்லாயிற்று. மண் கல்லானதால் மரம் வராது. அதே மழை, அதே பாறை, அதே விதைகள். ஆயினும் மண் வேறு.

பாக்சைட் வெட்டிய நிலம் இதன் கடுமையான வடிவம். 1965-இல் மேட்டூரில் உற்பத்தி தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனிக்காகச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் எடுக்கப்பட்டது. மேட்டூரின் அலுமினிய உற்பத்தி 2008-இல் நின்றுவிட்டது. தாது வெட்டும்போது 'வ' என்ற எழுத்து பூச்சியத்துக்கு அருகே தள்ளப்படுகிறது. ஆனால் இளம் மண்ணுக்குரிய சத்துள்ள பாறை மேலே வருவதில்லை. முதுமையின் வறுமையும் குழந்தையின் கையாலாகாமையும் ஒருங்கே அமைந்த நிலம் அது. மேல் மண்ணை முதலில் தனியே எடுத்து வைத்து, விரைவில் மீண்டும் பரப்பினால், மட்கோடு விதைகளும் வேர்ப் பூஞ்சைகளும் திரும்பி வரும். மேல் மண்ணைக் கழிவோடு கலந்துவிட்டுப் பிறகு மரக்கன்றுகளை எண்ணி நடுவது, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் நீர் நிரப்புவது போன்றது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கைக்கு உதவும். மண் திரும்பியதா என்பதற்கு அது சான்று ஆகாது.

தீர்ப்பு

அப்படியானால் ஜென்னியின் சமன்பாட்டைத் தள்ளிவிடலாமா? கூடாது. எதை மாறாமல் வைத்து எதை ஒப்பிட வேண்டும் என்று கற்றுத்தந்த நூல் அது. அதன் ஆசிரியரே அதன் குறைகளைச் சாகும்வரை திருத்திக்கொண்டிருந்தார். குறை, அதை ஒரு வாய்ப்பாடாக்கி மனப்பாடம் செய்வித்த நம்மிடம் இருக்கிறது. ஐந்து காரணிகளைப் பட்டியலிட்டு ஐந்து மதிப்பெண் பெறும் மாணவனிடம், "ஒன்றை மாற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் மண் திரும்புமா?" என்று ஒரு துணைக் கேள்வி கேட்டால் போதும், பாடம் உயிர் பெறும்.

இது தேர்வோடு முடியும் விஷயமும் அன்று. மலையில் எந்த நிலத்தைத் 'தரிசு' என்று எழுதுகிறோம், எதில் மரம் நடுகிறோம், எதில் நிழலை வெட்ட அனுமதிக்கிறோம் என்பதெல்லாம் இந்த அம்புக்குறியை எந்தப் பக்கம் வரைகிறோம் என்பதைப் பொறுத்தது. மண் ஏழை, ஆகவே வெட்டினால் நட்டமில்லை என்பவர் ஓர் அம்பை மட்டும் பார்க்கிறார். மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர் மற்றோர் அம்பை மட்டும் பார்க்கிறார். சேர்வராயன் மண்ணின் வளம் பாறையில் இல்லை. மேலே உள்ள சில அங்குல மட்கில் இருக்கிறது. அது தாவரமும் மண்ணும் கூட்டாகச் சேர்த்த சேமிப்பு. செலவழிக்க ஒரு கோடைமழை போதும். மீண்டும் சேர்க்க ஒரு தலைமுறை வேண்டும்.

மாணவர்கள் இதைத் தாமே சோதிக்கலாம். இருபுறமும் திறந்த ஒரே அளவுள்ள இரண்டு டின்களை எடுத்து, ஒன்றை மரத்தடிச் சருகை விலக்கி மண்ணில் இரண்டு அங்குலம் அழுத்துங்கள். மற்றொன்றைப் பத்தடி தள்ளி நடைபாதையில் அழுத்துங்கள். இரண்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, முழுவதும் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். காலநிலை ஒன்று, பாறை ஒன்று, சரிவு ஒன்று, வயது ஒன்று. இரண்டு எண்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். பாடநூலில் இல்லாத எழுத்தின் அளவு அது.